அப்பாவின் மொரிஸ் மைனரை மின்சாரக் காராக மாற்றக் கொடுத்து நான் இழந்தது: கொழும்பில் இதே யோசனையில் இருப்பவர்களுக்கு

பழைய காரை மின்சாரத்துக்கு மாற்றித் தருவதாகச் சொன்ன ஒரு கராஜிடம் பதினெட்டு இலட்சம் ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பணம் போனது ஒரு பக்கம். காரின் எஞ்சினையும் இழந்துவிட்டேன். விஷயம் இன்னும் மத்தியஸ்த சபையில் இருப்பதால் கராஜின் பெயரை எழுதவில்லை. ஆனால் போன மாதம் மட்டும் இரண்டு பேர் என்னிடம் வந்து, "அக்கா, நீங்கள் எங்கே செய்வித்தீர்கள், எங்களுக்கும் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு என் கார் அழகாக மாற்றப்பட்ட கார் போலத்தான் தெரிகிறது. அதனால்தான் இதை எழுதியே ஆகவேண்டும் என்று உட்கார்ந்தேன்.

கார் 1964ஆம் ஆண்டின் மொரிஸ் மைனர், 1098 சிசி எஞ்சின், ஸ்ரீ இலக்கத் தகடு. அப்பா 1972இல் இரண்டாம் கையாக வாங்கினார். வெள்ளவத்தையில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு எங்கள் ஐந்து பேரையும் ஒரு பலாப்பழத்தையும் ஏற்றிக்கொண்டு போய் வந்திருக்கிறது. 83 ஆடிக் கலவரத்தில் பக்கத்து வீட்டுச் சிங்கள மாமா அதைத் தன் வீட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், தென்னோலையால் மூடிக் காப்பாற்றித் தந்தார். அப்பா போன பிறகு நான்தான் ஓட்டினேன்.

2022 ஜூனில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். விலையைக் கொடுக்கத் தயாராக இருந்தாலும் பெற்றோல் இல்லை. காலி வீதியில் வரிசையில் காரை விட்டுவிட்டு இரண்டு இரவு அதற்குள்ளேயே படுத்திருந்தேன். பிறகு கியூஆர் முறை வந்தது, வாரத்துக்கு 20 லீற்றர். இந்தக் காரை மின்சாரத்துக்கு மாற்றினால் என்ன என்ற எண்ணம் அந்த வரிசையில்தான் வந்தது. எண்ணம் தவறானது என்று இன்றும் நான் நினைக்கவில்லை. கொழும்பு நெரிசலில் நின்று நின்று போவதற்கு மின்சாரம் மிகவும் பொருந்தும், கூரையில் சூரியப் பலகை இருந்தால் இன்னும் நல்லது. நான் தவறவிட்டது, யாரிடம் எப்படிக் கொடுக்கவேண்டும் என்பதை.

கராஜ்காரர் நன்றாகக் கதைப்பார். அக்கா, அக்கா என்று அப்படி ஒரு மரியாதை. தொலைபேசியில் ஒரு சின்ன ஒஸ்ரின் மினி சத்தமில்லாமல் ஓடும் காணொளியைக் காட்டினார். அது அவர் செய்த வேலையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் சொன்ன கணக்கு இது: பதினைந்து யூனிட் கொள்ளும் புத்தம் புதிய லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரி, ஒருமுறை சார்ஜ் செய்தால் 100 கிலோமீற்றர், மூன்று மாதத்தில் வேலை முடியும், மொத்தம் 28 இலட்சம், முற்பணம் 18. மைனர் முக்கால் தொன்னுக்குச் சற்றுக் கூடிய எடையுள்ள சின்னக் கார். பதினைந்து யூனிட்டில் நகருக்குள் நூறு கிலோமீற்றர் ஓடும் என்பது நம்பக்கூடிய கணக்குத்தான். நான் மாட்டிக்கொண்டதும் அதனால்தான். முழுப் பொய்யாக இருந்திருந்தால் கேள்வி கேட்டிருப்பேன். கனடாவில் இருக்கும் அண்ணா மட்டும், "எழுத்தில் வாங்கு, பற்றரியைக் கண்ணால் பார்த்த பிறகு காசைக் கொடு" என்று சொன்னார். நான் கேட்கவில்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்து அனுமதி பற்றிக் கேட்டதற்கு, "அதெல்லாம் நான் பாக்கிறன் அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றார்.

2023 மார்ச்சில் காரைக் கொடுத்தேன். மூன்று மாதம் பதினான்கு மாதமாயிற்று. கப்பல் தாமதம், டொலர் பிரச்சினை, மோட்டார் துறைமுகத்தில் நிற்கிறது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். அந்தக் காலத்தில் இவை எல்லாமே நடக்கக்கூடிய காரணங்களாகத்தான் இருந்தன.

2024 மே மாதத்தில் கார் வீட்டுக்கு வந்தது. முதல் நாள் சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். மரைன் டிரைவில் கடற்காற்றைத் தவிர வேறு சத்தமே இல்லாமல் அப்பாவின் கார் போனபோது கண் கலங்கிவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் முழுச் சார்ஜுடன் புறப்பட்டு நுகேகொடை போய் வந்து, அப்படியே கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனேன். திரும்பும்போது கொள்ளுப்பிட்டியில் மீற்றர் 60 வீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது. சிக்னலில் பச்சை விழுந்து மிதித்ததும் 60 ஒரேயடியாகப் பூச்சியமாகி, கார் அசையாமல் நின்றுவிட்டது. மொத்தமாக 25 கிலோமீற்றர் ஓடியிருக்கும். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தபடி நிற்க, இரண்டு ஓட்டோக்காரத் தம்பிமார்தான் இறங்கி ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

கராஜ்காரர் "புது பற்றரி செட் ஆகக் கொஞ்ச நாள் எடுக்கும்" என்றார். லித்தியம் பற்றரிக்கு அப்படி எதுவும் இல்லை. புதிதாக இருக்கும்போதுதான் அது மிக நன்றாக இருக்கும். எங்கேயாவது இந்த வசனத்தைக் கேட்டால் உடனே உஷாராகுங்கள்.

என் அக்காவின் மகன் ஹைபிரிட் கார்களின் பற்றரி வேலை செய்பவன். அவன் வந்து டிக்கியைத் திறந்து, பற்றரிப் பெட்டியின் மூடியில் இருந்த திருகாணிகளைக் கழற்றினான். "சித்தி, கிட்ட வராதேங்கோ, இதில 200 வோல்ட்டுக்கு மேல இருக்கு" என்று என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, றப்பர் கையுறை போட்டுக்கொண்டான். உள்ளே பெரிய அகராதிப் புத்தக அளவில் தட்டையான உலோகப் பெட்டிகள், முப்பது. எல்லாவற்றுக்கும் கறுப்பு ஸ்பிரே அடித்திருந்தது. நகத்தால் ஒன்றைச் சுரண்டினான். கறுப்புக்குக் கீழே வெள்ளி நிறம். இன்னும் கொஞ்சம் சுரண்டியதும், யாரோ மார்க்கர் பேனாவால் எழுதிய எண் ஒன்று தெரிந்தது: 44. பக்கத்துப் பெட்டியில் 39. அதற்கடுத்ததில் 47.

அவை நிசான் லீஃப் காரின் பழைய பற்றரிக் கட்டைகள். 2015 அளவில் இங்கே நிறைய இறக்குமதியான அதே லீஃப். அதன் 24 யூனிட் பற்றரியில் 48 கட்டைகள் இருக்கும், புதிதில் ஒரு கட்டைக்கு அரை யூனிட். அப்படியானால் முப்பது கட்டைக்குப் பதினைந்து யூனிட். அவர் சொன்ன "பதினைந்து" எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. லீஃபின் பற்றரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு எதுவும் கிடையாது. சூடான ஊர்களில் அது சீக்கிரம் தேயும் என்பது உலகமெல்லாம் தெரிந்த விஷயம். அக்கா மகன் மூன்று கட்டைகளைக் கழற்றிக் கொண்டுபோய், சுமை கொடுத்துச் சோதித்தான். புதிதில் 65 அம்பியர்-மணி அளவு மின் தரவேண்டிய கட்டைகள் 28, 25, 30 என்று தந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மார்க்கர் எண்கள் மிச்சமிருக்கும் வீதம். யாரோ ஏற்கெனவே சோதித்து, இவை பாதிக்கும் கீழே என்று தரம் பிரித்து எழுதி வைத்ததைத்தான் கறுப்படித்து எனக்குப் "புத்தம் புதிது" என்று பூட்டியிருக்கிறார்கள். கட்டைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருப்பதால், மிகவும் தேய்ந்த ஒன்று விழுந்தால் முழுக் காரும் நிற்கும். கொள்ளுப்பிட்டியில் நடந்தது அதுதான்.

பழைய லீஃப் கட்டையைப் போடுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. எழுபது, எண்பது வீதம் உள்ளதைச் சொல்லிக் கொடுத்து, அதற்கேற்ற விலை வாங்கினால் அது நேர்மையான வேலை. முழு லீஃப் காரில் இருந்து எடுப்பதாக இருந்தால், கழற்றுவதற்கு முன் அந்தக் காரில் ஒரு சின்ன வாசிப்பானைச் செருகி, லீஃப் ஸ்பை என்ற செயலியில் மிச்ச ஆரோக்கியத்தைப் பார்க்கலாம். உங்கள் கண்முன் அதைச் செய்யச் சொல்லுங்கள். கட்டை கட்டையாக வந்தால், ஒவ்வொன்றுக்கும் எத்தனை அம்பியர்-மணி என்று அளந்து எழுதிய தாளைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் காரை விடாதீர்கள்.

அக்கா மகன் அதோடு விடவில்லை, காரைத் தூக்கிக் கீழேயும் பார்த்தான். பற்றரியில் இருந்து முன்னால் போகும் தடித்த கம்பி, உறை எதுவும் இல்லாமல் பிரேக் குழாயோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. இரண்டு இடத்தில் வெறும் டேப். பெரிய மின்னோட்டத்தை வெட்டும் பியூஸ் இல்லை. அவசரத்துக்குக் கையால் துண்டிக்கும் சுவிச்சும் இல்லை. மைனர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், பிரேக் எண்ணெய் ஊற்றும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலுக்குக் கீழே, கம்பளத்தைத் தூக்கினால் வரும் சின்ன மூடிக்குக் கீழே இருக்கும். அந்த மூடிக்கு மேலாகக் கம்பியைக் கொண்டுபோய்த் தகடு வைத்து அடைத்துவிட்டார்கள். பிரேக் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவே வழியில்லை. நூறு கிலோவுக்கு மேல் பற்றரி டிக்கியில் ஏறிப் பின் வில்லுகள் படிந்து போயிருக்கும் காருக்கு, 1964இன் டிரம் பிரேக்கில் அதையும் பார்க்க முடியாமல் பண்ணியிருக்கிறார்கள். அந்தக் காரில் ஒரு வாரம் என் பேத்தியை ஏற்றிக்கொண்டு திரிந்தேன். பற்றரி விஷயத்தில் வந்த கோபத்தைவிட, இதை நினைத்தால் எனக்கு இன்றும் கை நடுங்குகிறது.

சரி, காசு போனால் போகட்டும், பழைய எஞ்சினையே திரும்பப் பூட்டுவோம் என்று முடிவெடுத்தேன். எஞ்சினையும் கியர் பெட்டியையும் கேட்டேன். "அதை இரும்புக்குப் போட்டிட்டம் அக்கா. நீங்கள் வேணும் எண்டு சொல்லேல்லையே." அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் துணி வைத்துத் துடைத்த எஞ்சின். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின். பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் அதற்கு என்ன விலை கிடைக்கும் என்று அறிந்தவர் யாரும் அதை இரும்பு விலைக்குப் போடமாட்டார்.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, 2019இலேயே இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறது: மின்சாரத்துக்கு மாற்றினால், பழையபடி திருப்பக்கூடியதாக மாற்றுங்கள், கழற்றிய பாகங்களைக் குறியிட்டுப் பத்திரமாக வையுங்கள் என்று. நான் இதை வாசித்தது எஞ்சின் போன பிறகு. நீங்கள் காரைக் கொடுக்கும் அன்றே, கழற்றும் எஞ்சின், கியர் பெட்டி, ரேடியேற்றர், பெற்றோல் தாங்கி எல்லாம் உங்களுடையவை, இத்தனை நாளுக்குள் உங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எஞ்சின் இலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். உடம்பில் எங்கும் வெட்டக்கூடாது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். என் காரில் பற்றரிப் பெட்டிக்காக டிக்கியின் தரையை வெட்டியிருக்கிறார்கள்.

திணைக்களத்து அனுமதிக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை. பதிவுப் புத்தகத்தில் இன்னும் பழைய எஞ்சின் இலக்கம், எரிபொருள் பெற்றோல். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போனால் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். புகைக் குழாயே இல்லாத காருக்கு அதை எப்படி எடுப்பது? நாரஹேன்பிட்டியில் ஓர் அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாற்றும் முன்பே வந்திருக்க வேண்டும், இப்போது பழைய எஞ்சின் எங்கே என்றும் கேள்வி வரும் என்றார். காப்புறுதிக்காரர்களும் பொறியியலாளர் அறிக்கை இல்லாமல் தொடமாட்டோம் என்றுவிட்டார்கள். ஆகவே கார் தெருவில் இறங்கவே முடியாது.

பொலிஸில் இது கொடுக்கல் வாங்கல் பிரச்சினை என்றார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்தேன், முறைப்பாட்டை வாங்கிக்கொண்டு பற்றுச்சீட்டைக் கேட்டார்கள். என்னிடம் இருந்தது, "கார் வேலை, முற்பணம்" என்று கையால் எழுதிய ஒரு துண்டு. பற்றரி வகை இல்லை, கொள்ளளவு இல்லை, வியாபாரப் பதிவு இலக்கம் இல்லை, திகதிகூட இல்லை. வங்கியில் முப்பது வருடம் மற்றவர்களின் கையெழுத்தைச் சரிபார்த்தவள் நான். மத்தியஸ்த சபைக்கு அவர் ஒருமுறை வந்து, தவணையில் தருவதாக ஒத்துக்கொண்டு, ஓர் இலட்சம் தந்தார். அதற்குப் பிறகு தொலைபேசி எடுப்பதில்லை.

அக்கா மகன் பற்றரியை முழுவதுமாகக் கழற்றிவிட்டான். கார் இப்போது வீட்டுக்கு முன்னால் துணி போர்த்தி நிற்கிறது. வேறொரு 1098 எஞ்சின் தேடுகிறோம், கிடைத்தால் பெற்றோலுக்கே திருப்புவோம். ஆனால் அதற்கு முன் ஒரு வேண்டுகோள். பஞ்சிகாவத்தை, தெல்கந்தைப் பக்கம் மைனர் சாமான் தேடுபவர்கள், பச்சை நிற எஞ்சின் ஒன்றைக் கண்டால், டைனமோவுக்கு மேலே இருக்கும் சின்னத் தகட்டைப் பாருங்கள். இலக்கம் 10 எம்.ஏ. என்று தொடங்கும். டைனமோ தாங்கியின் ஒரு ஆணிக்குப் பதிலாக, அப்பா போட்ட பித்தளை ஆணி ஒன்று இருக்கும். அது எங்களுடையது. யார் வைத்திருந்தாலும் விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன்.