வைட்டமின் டி: வெயிலா, 60,000 யூனிட் மாத்திரையா?

காலை ஏழு மணி இளவெயில் இதமானது. வைட்டமின் டி-க்கு ஏறக்குறைய வீண். தோலில் அதை உண்டாக்கும் புற ஊதா பி கதிர், உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாகும் நேரத்தில்தான் போதிய அளவு தரைக்கு வரும். ஜன்னல் கண்ணாடி வழியே வராது. கருத்த தோலுக்குக் கூடுதல் நேரம் தேவை. வெயிலில் டி மிகையாகாது. உபரி, லூமிஸ்டெரால் என்ற வைட்டமின் அல்லாத பொருளாக மாறிவிடும். ஆனால் அதே கதிர் தோலின் காவல்காரர்களான லாங்கர்ஹான்ஸ் செல்களைக் குறைக்கும். கடும் வெயிலுக்குப்பின் சிலருக்கு உதட்டோரம் ஹெர்பிஸ் வைரஸ் கொப்புளம் கிளம்புவது சும்மா இல்லை.

மாத்திரையில் அந்த வம்பு கிடையாது. வழக்கமாக வாரம் ஒன்று, எட்டு வாரம். வெறும் வயிற்றில் வேண்டாம், எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடு. வாரம் ஒன்றைத் தினம் ஒன்றாக விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். ரத்தத்தில் டி அளவு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால், மருத்துவர் சீட்டோடு மாத்திரைதான் சரி.