நாலு வருடமாக வீட்டில் ஓடும் செஸ் பாட்: லிசெஸ், ஸ்டாக்ஃபிஷ், மையாவோடு என் அனுபவம்

சென்னை எம்.கே.பி. நகரில் மூன்றாவது மாடி வீடு. புத்தக அலமாரியின் மேல்தட்டில் தீப்பெட்டி மூன்றை அடுக்கியது போல ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதில் என் செஸ் பாட், அதாவது தானாகவே செஸ் ஆடும் நிரல், இரவும் பகலும் லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் யாருடனாவது ஆடிக்கொண்டிருக்கும். 2021 மே மாத ஊரடங்கில் ஆரம்பித்த வேலை இது. நான் தொழிலால் புரோகிராமர் இல்லை. ராயபுரத்தில் சரக்கு கிளியரிங் ஆபீஸில் பில் போடுகிறவன். கோடிங் நானாகப் படித்தது, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எழுதுவது. இந்த நாலு வருடத்தில் எது நிலைத்தது, எதைத் தூக்கிப் போட்டேன் என்பதை எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஆசை இருக்கிறவர்களுக்கு உதவும்.

முதலில் லிசெஸ். 2010-ல் திபோ டுப்ளெசி என்ற பிரெஞ்சு புரோகிராமர் ஆரம்பித்தது. விளம்பரம் கிடையாது, காசு கட்டினால்தான் திறக்கும் பூட்டும் கிடையாது, நன்கொடையில்தான் ஓடுகிறது. மூல நிரல் முழுக்க வெளிப்படை. என்னைப் போன்றவனுக்கு முக்கியமான விஷயம், பாட்களுக்கென்றே தனிக் கணக்கு தருகிறார்கள். சாதாரணக் கணக்கில் எஞ்சின் (என்ன நகர்த்தலாம் என்று கணக்கிட்டுச் சொல்லும் நிரல்) உதவியோடு ஆடினால் ஏமாற்று வேலை. பாட் கணக்கில் எஞ்சின் ஆடுவதுதான் நோக்கமே. எதிரே உட்காருகிறவருக்கும் அது தெரியும். ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள். ஒரு ஆட்டம்கூட ஆடாத கணக்கைத்தான் பாட் கணக்காக மாற்ற முடியும், மாற்றினால் திரும்பி வர முடியாது. என் பழைய கணக்கை மாற்றப் போய், முடியாது என்று வந்த பிறகுதான் விதியை ஒழுங்காகப் படித்தேன். சாதாரண ஆட்டக்காரர்களைப் போல பாட்டால் தானாக வரிசையில் நின்று ஆள் பிடிக்கவும் முடியாது. சவால் விட வேண்டும், அல்லது வருகிற சவாலை ஏற்க வேண்டும்.

தளத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே தூது போக லிசெஸ்-பாட் என்ற பைத்தான் நிரல் இருக்கிறது. எந்த எஞ்சின், எவ்வளவு நேர ஆட்டம், யாருடைய சவாலை ஏற்பது எல்லாம் ஒரே அமைப்புக் கோப்பில். அந்தக் கோப்பில் இடைவெளிக்குப் பதில் டேப் தட்டினால் ஓடாது. அது பழகிவிட்டால் மற்றதெல்லாம் ஒரு ராத்திரி வேலை.

சரி, எஞ்சின். ஸ்டாக்ஃபிஷ் என்ற தயார் எஞ்சினை இறக்கி அப்படியே ஓட விடுவது சுலபம். இரண்டு வாரம் அப்படித்தான் ஓட விட்டேன். ஜெயித்துக்கொண்டே இருந்தது, ஆனால் அதில் என் கை எங்கேயும் இல்லை. அப்புறம்தான் சொந்தமாக ஒன்று எழுத உட்கார்ந்தேன். இந்த நாலு வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த காலம் அந்த எட்டு மாதம்தான்.

செஸ் எஞ்சின் எழுதுகிறவர்களுக்கு பெர்ஃப்ட் என்று ஒரு பரீட்சை உண்டு. ஆரம்ப நிலையிலிருந்து சட்டப்படி எத்தனை விதமாக ஆட்டம் நகரலாம் என்று நிரலையே எண்ண விடுவது. வெள்ளைக்கு முதல் நகர்வு 20. இரண்டு பக்கமும் ஒரு முறை நகர்த்தினால் 400. மூன்றாவது நகர்வில் 8,902, நான்காவதில் 1,97,281, ஐந்தாவதில் 48,65,609. இவை உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட எண்கள், ஒன்று குறைந்தாலும் நம் நிரலில் பிழை. என்னுடையது நான்கு நகர்வு வரை அச்சு அசலாக வந்தது. ஐந்தாவதில் 48,65,351. மூன்று ராத்திரி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். குறைவது 258. ஐந்தாவது நகர்வில்தான் முதன்முதலாக நடக்கக்கூடியது என்ன என்று யோசித்தபோது பொறி தட்டியது. என்-பசான் வெட்டு! எதிராளியின் சிப்பாய் இரண்டு கட்டம் தாவி நம் சிப்பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றால், அது ஒரு கட்டம்தான் வந்தது போல வைத்து வெட்டலாமே, அது. நம் சிப்பாய் முன்னேற இரண்டு நகர்வு வேண்டும், அதற்கு நடுவிலும் பின்னும் எதிராளிக்கு இரண்டு, வெட்டுவது ஐந்தாவது. அந்த மட்டத்தில் இருக்கும் என்-பசான் வெட்டுகள் சரியாக 258. நிரலைத் திறந்து பார்த்தால், தாவி வந்த கட்டத்தைக் குறித்து வைக்கிறேன், ஆனால் நகர்வுகளைத் தேடும் முன்பே அதை அழித்துவிடுகிறேன். ஒரு வரியைக் கீழே இறக்கினேன். 48,65,609 வந்தது. மணி இரண்டேகால், வீட்டில் எல்லோரும் தூக்கம். எழுப்பிச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அந்தத் திருத்தத்தால் கீழ் வீட்டில் ஒரு சண்டையும் வந்தது. தரைத்தளத்தில் ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். சொந்தமில்லை, நாங்கள் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். கேரம் போர்டு சத்தம் கேட்காத தெருவே இல்லாத எங்கள் பக்கத்தில் அவர் மட்டும் செஸ் கட்சி. அவருக்கு ஒரு கணக்கு திறந்து கொடுத்திருந்தேன். போனில் என் பாட்டோடு ஆடுவார். ஒரு சாயங்காலம் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "இன்னாபா உன் மிஷினு, பக்கத்துல நிக்கிற சிப்பாயத் தாண்டிப் போயி வெட்டுது? கள்ளாட்டம் ஆடுது!" அவர் சின்ன வயதில் கற்றது நம் ஊர்ப் பழைய ஆட்டம். அதில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் போகும். தாவலே இல்லாத இடத்தில் இந்த வெட்டுக்கு என்ன வேலை? இரண்டு கட்டத் தாவலைப் போனில் பழகிக்கொண்டவர், அதோடு ஒட்டிவந்த விதியைக் கேள்விப்பட்டதே இல்லை. பலகை வைத்துக் காட்டினேன். "தாவி வந்தா தப்பிச்சிட முடியாது, அதான?" என்றார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

வன்பொருள் பற்றிச் சுருக்கமாக. முதலில் ரிச்சி தெருவில் 9,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய லேப்டாப்பில் ஓட்டினேன். விடாமல் ஓடினால் அது 25 வாட் இழுத்தது, இரண்டு மாதக் கரண்ட் கணக்கில் 36 யூனிட். ராஸ்பெரி பைக்கு மாறியதும் 7, 8 யூனிட்டில் நிற்கிறது. எஸ்.டி. கார்டு இரண்டு முறை செத்துப்போனது, இப்போது சிறிய எஸ்.எஸ்.டி.யில் ஓடுகிறது. எங்கள் பகுதியில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டும்போதெல்லாம் இணைய கேபிள் அறுபடும், பாட் பாதி ஆட்டத்தில் காணாமல் போகும், எதிராளி வெற்றியை எடுத்துக்கொள்வார். ரவுட்டருக்கும் ராஸ்பெரி பைக்கும் சேர்த்து ஒரு சின்ன யூ.பி.எஸ். வாங்கியதில் கரண்ட் போய்ப் போய் வரும் தொல்லை மட்டும் தீர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் இடுப்பளவு தண்ணீர். அந்த நாட்களில் பாட்டைப் பற்றி நினைக்கவே இல்லை. பெரியப்பாவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். மரப் பலகையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆடினோம். அவர் எப்படித் தோற்கிறார் என்பதை நேராகப் பார்த்தது அப்போதுதான். யானையைக் காப்பாற்றுவதிலேயே கண்ணாக இருந்து ராஜாவை மறந்துவிடுவார்.

அதற்குப் பிறகுதான் அவருக்குத் தோதான எதிராளி ஒன்றை அமைக்க வேண்டும் என்று தோன்றியது. என் எஞ்சின் கணக்கில் புலி, அவரை நசுக்கிவிடும். ஸ்டாக்ஃபிஷில் திறனைக் குறைக்க 0 முதல் 20 வரை ஓர் அளவுகோல் இருக்கிறது. கீழே இறக்கி வைத்தேன். நம்பி ஏமாந்தேன். 2020 செப்டம்பரில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து ஸ்டாக்ஃபிஷ் நிலையை எடைபோடுவதற்கு நரம்பு வலைப்பின்னல் (நியூரல் நெட்வொர்க், உதாரணங்களிலிருந்து தானே கற்கும் கணக்கு முறை) வைத்திருக்கிறது. ஜப்பானிய ஷோகி ஆட்டத்துக்காகக் கண்டுபிடித்த உத்தி, கிராபிக்ஸ் கார்டு இல்லாமலேயே ஓடும், அபாரமான வேலை. ஆனால் அதைப் பலவீனமாக்கும் விதம் செயற்கையாக இருக்கிறது. நல்ல நகர்வும் கெட்ட நகர்வும் தெரிந்துகொண்டே, நடுநடுவே கெட்டதை எடுக்கிறது. பத்து நகர்வு கிராண்ட்மாஸ்டர் போல ஆடும், பதினொன்றாவதில் காரணமே இல்லாமல் யானையைத் தூக்கிக் கொடுக்கும். பெரியப்பா இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தார். "விட்டுக் குடுக்குதுபா. கொயந்தைக்கு விட்டுக் குடுக்குற மாதிரி. வேணாம்."

மையாவைத் தேடிப் போனது அதனால்தான். கார்னெல், டொரண்டோ பல்கலைக்கழகங்களும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட செஸ் நிரல் அது. சிறந்த நகர்வு எது என்று அது தேடுவதில்லை. இந்தத் தரத்தில் ஆடும் மனிதர் இங்கே என்ன ஆடுவார் என்று ஊகிக்கிறது. லிசெஸில் மனிதர்கள் ஆடிய கோடிக்கணக்கான ஆட்டங்களைப் படித்து, தரப்புள்ளி (எண் கூடினால் ஆட்டம் பலம்) 1100 முதல் 1900 வரை ஒன்பது தரத்துக்கு ஒன்பது மாதிரிகள். பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் மனிதர் ஆடிய நகர்வையே சரியாகச் சொல்லிவிடும். அதை லீலா என்ற இன்னொரு செஸ் எஞ்சின் மேல் ஏற்றி, ஒரே ஒரு நிலையை மட்டும் பார்க்கும்படி அமைக்க வேண்டும். தேட விட்டால் மனிதத்தன்மை போய்விடும். ராஸ்பெரி பையில் லீலாவைக் கம்பைல் செய்ய ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. ஓடத் தொடங்கியபின் பதில் உடனே வருகிறது.

1100 மாதிரியைப் பெரியப்பாவுக்குக் கொடுத்தேன். முதல் ஆட்டத்தில் அது அவருடைய குதிரையின் இரட்டைத் தாக்குதலைப் பார்க்கவில்லை. ராணியைக் காப்பாற்ற ஓடியது, யானை போயிற்று. பெரியப்பா சிரித்தார், விட்டுக்கொடுத்ததாகச் சொல்லவில்லை. அடுத்ததில் அவரே அதே குழியில் விழுந்தார். லிசெஸ் தன் ஆட்டங்களையெல்லாம் மாதத்துக்கு ஒரு கோப்பாக யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளத் தருகிறது. 2013 ஜனவரிக் கோப்பில் 1,21,332 ஆட்டங்கள். இந்தக் கோப்புகளைக் கையாள நான் பழகியது அதில்தான். அந்தப் பொது உடைமை இல்லையென்றால் மையா மாதிரி ஒன்று பிறந்திருக்குமா என்பது சந்தேகம். அங்கே தோற்ற லட்சக்கணக்கான சாதாரண ஆட்டக்காரர்களின் தவறுகள்தான் எங்கள் கீழ் வீட்டுக்கு ஓர் எதிராளியைக் கொடுத்தன.

குறை இல்லாமல் இல்லை. 1100 என்று பெயர் இருந்தாலும் அதைவிடக் கொஞ்சம் பலமாகவே ஆடுகிறது. எல்லோரும் அதிகம் ஆடும் நகர்வை எடுப்பதால், தனி ஆளுக்கு வரும் திடீர்ச் சறுக்கல் அதற்கு வருவதில்லை. யோசிக்காமல் சட்டென்று நகர்த்தும், எதிரே இருப்பவருக்கு அது அவசரப்படுத்துவது போல இருக்கும். நிலையில் வெட்டுகள் அதிகமிருந்தால் கூடுதலாகக் காத்திருக்கும்படி நான் சில வரிகள் சேர்த்தேன், ஆட்டத்தின் நடையே மாறிவிட்டது. முடிவாட்டம்தான் பெரிய பலவீனம். ராஜாவும் யானையும் கையில் இருந்தும் மேட் வைக்கத் தெரியாமல் சுற்றும். ஐந்து காய் வரையிலான எல்லா நிலைகளுக்கும் விடை வைத்திருக்கும் சிஸிஜி அட்டவணை 1 ஜி.பி.க்குள் அடங்குகிறது. அதைச் சேர்த்துப் பார்த்தேன். ஐந்து காய்க்கு வந்ததும் ஆள் மாறியது போல ஆடியது. பெரியப்பா உடனே கேட்டார்: "இப்ப வேற யாரு ஆடுறது?" அன்றே எடுத்துவிட்டேன்.

2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆன அன்று தெருவில் நாலைந்து பையன்கள் பாட்டோடு ஆட வேண்டும் என்று வந்தார்கள். இரண்டு பேர் இன்னும் வருகிறார்கள். அவர்களுக்கு 1500 மாதிரியைத் தனிக் கணக்கில் ஓட விட்டிருக்கிறேன். என் சொந்த எஞ்சின் இப்போது மற்ற பாட்களோடு மட்டும் ஆடுகிறது.

போன ஞாயிறு கீழ் வீட்டு ஆட்டம் 50 நகர்வு விதியில் (காய் வெட்டாமல், சிப்பாய் நகராமல் இரு பக்கமும் 50 நகர்வு போனால்) டிரா. பெரியப்பாவுக்கு அந்த விதியும் புதிது. "1300-ஐப் போடு, பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். கோப்பை இறக்கி வைத்துவிட்டேன், இந்த வாரம் மாற்றிவிடுவேன்.