கிரேவன்ஹர்ஸ்டில் கொட்டேஜ் எடுக்கப் போகிறவர்களுக்கு

கனடாவின் ஒன்டாரியோவில் மஸ்கோகா பக்கம் கொட்டேஜ் (ஏரிக்கரை விடுமுறை வீடு) தேடிக்கொண்டிருப்பவர்கள் காசு அனுப்புவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள்.

நாங்கள் ஏமாந்தது சமூக ஊடகக் குழு ஒன்றில் வந்த வாடகை விளம்பரத்தில். வாடகை கொஞ்சம் மலிவு, ஆனால் சந்தேகப்படும் அளவுக்கு இல்லை. அதுதான் கெட்டித்தனம். படத்தில் மரத்தாலான படகுத்துறை, பின்னால் புகை விட்டபடி செக்வன் நீராவிக் கப்பல். 1887இல் வேறு பெயரில் கட்டி, 1925இல் செக்வனாக மாற்றிய கப்பல், இன்னமும் நிலக்கரியில் ஓடுகிறது. பிள்ளைகளுக்கு அதைக் காட்டத்தான் கிரேவன்ஹர்ஸ்டுக்கே போக நினைத்தோம். பேசியவர் நல்ல மரியாதை, ஒப்பந்தம்கூட அனுப்பினார். பாதி வாடகை இன்டராக் இ-ட்ரான்ஸ்பரில் (வங்கிக் கணக்கிலிருந்து மின்னஞ்சல் வழியாகக் காசு அனுப்பும் முறை) போனது.

ஓகஸ்ட் நீண்ட வார இறுதி. நெடுஞ்சாலை 400இல் ஊர்ந்து, 11இல் ஏறி, பொழுதுபட்ட நேரம் போய்க் கதவைத் தட்டினால், திறந்தவர் ஒரு வயதான பெண்மணி. அவருடைய சொந்த வீடு. வாடகைக்கு விட்டதே கிடையாதாம். படத்தைக் காட்டியதும் சிரித்துவிட்டார். அவர் வீடு இருப்பது 'கல் லேக்' (Gull Lake) என்ற ஏரியின் கரையில். செக்வன் ஓடுவது மஸ்கோகா ஏரியில். ஊர் ஒன்றுதான், ஆனால் கப்பல் இந்த ஏரிக்குள் வர வழியே இல்லை. யாருடைய படத்தையோ எடுத்து, யாருடைய முகவரியையோ ஒட்டியிருக்கிறார்கள். பாவம், அவரே நாலைந்து மோட்டல்களுக்கு போன் போட்டுப் பார்த்தார். எல்லாம் நிரம்பிவிட்டன. நள்ளிரவில் பாரி (Barrie) நகரில் ஓர் அறை கிடைத்தது, விலையைக் கேட்காதீர்கள்.

வங்கி கைவிரித்துவிட்டது. பெறுபவர் ஓட்டோ டெபாசிட் வைத்திருந்தால் பணம் உடனே அவர் கணக்கில் விழுந்துவிடும், பிறகு நிறுத்த முடியாது. நீங்களாகவே அனுப்பிய காசு என்பதால் திருப்பித் தருவதும் கடினம். பொலிஸில் முறையிட்டோம், கனடா மோசடி எதிர்ப்பு மையத்துக்கும் (1-888-495-8501) சொன்னோம்.

வீடு எடுப்பதென்றால், முகவரியைச் செய்மதி வரைபடத்தில் போட்டு, எந்த ஏரி, படகுத்துறையின் வடிவம் படத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். வீடியோ அழைப்பில் துறையில் நின்று ஏரியைக் காட்டச் சொல்லுங்கள். எங்களுடைய ஆள் அதற்கு 'சிக்னல் இல்லை' என்றார். கடன் அட்டை வேண்டாம், இ-ட்ரான்ஸ்பர்தான் என்று அடம்பிடித்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

அதே படங்கள் இப்போது பக்கத்து ஊரான பிரேஸ்பிரிட்ஜ் முகவரியோடு, வேறு பெயரில் திரும்ப வந்திருக்கின்றன. குழு நிர்வாகிகளுக்கு எழுதியும் இன்னும் நீக்கவில்லை.