தாராவி வீடுகளுக்கு வரும் நர்சிங் மாணவிகள்: என் மதிப்பீடு

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய எங்கள் சந்துக்கு பி.எஸ்சி. நர்சிங் மாணவிகள் கம்யூனிட்டி போஸ்டிங்குக்காக, அதாவது குடியிருப்புகளில் நேரடிப் பயிற்சிக்காக, வந்துபோகிறார்கள். வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் விசாரிக்கிறார்கள், மருந்துச் சீட்டைப் படித்து விளக்குகிறார்கள். காசு வாங்குவதில்லை. நான் மருத்துவமனை வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ் என்பதால், அவர்கள் கை என்ன செய்கிறது என்றே கவனித்துக்கொண்டிருந்தேன். தயங்காமல் உள்ளே விடுங்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில் அவர்கள் கொண்டுவரும் கருவிப் பை. செய்தித்தாளை விரித்து அதன்மேல்தான் வைக்கிறார்கள். வெளி உறையிலிருந்து சோப்பும் துண்டும் மட்டும் வரும். கை கழுவித் துடைத்த பிறகே பை திறக்கிறது. கிளம்பும்போது தரையில் பட்ட பக்கம் உள்ளே போகும்படி தாளை மடிக்கிறார்கள். இந்த வீட்டில் சளிக் காய்ச்சல், அடுத்த வீட்டில் கைக்குழந்தை என்றால் இந்த ஒழுங்கு எவ்வளவு முக்கியம் என்பது புரியும். வார்டில் குழாயைத் திருகினால் தண்ணீர். இங்கே டிரம்மிலிருந்து மொண்டு ஒருத்தி ஊற்ற, இன்னொருத்தி கழுவுகிறாள். அப்படியும் முறை குலையவில்லை.

பக்கத்து வீட்டு ஆச்சிக்கு ரத்த அழுத்தம் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் நாற்காலி கிடையாது. மாடி அறையிலிருந்து இரும்பு ஏணி வழியாக இறங்கி மூச்சு வாங்க நின்றார் ஆச்சி. மாணவி அவசரப்படவில்லை. சுவரில் சாய்ந்து உட்காரவைத்து, மடித்த போர்வையைக் கைக்கடியில் கொடுத்து நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி, ஐந்து நிமிடம் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் பட்டையைச் சுற்றினாள். அளவு அதிகமாகவே இருந்தது. "நான் உப்பே சேர்ப்பதில்லை" என்று ஆச்சி அடித்துச் சொன்னார்.

கேரளத்துப் பெண் அவள், தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது. "ஒரு கிலோ உப்பு எத்தனை நாளைக்கு வரும் ஆச்சி?" என்று கேட்டாள். நான்கு பேருக்கு ஒரு மாதம். தாளில் வகுத்துக் காட்டினாள்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்கும் குறைவு. கருவாடும் ஊறுகாயும் இந்தக் கணக்கில் இல்லை. ஆச்சி வாயடைத்துப்போனார். கருவாட்டை அடியோடு விடச் சொல்லாமல், எப்போதாவது ஒரு நாள், அதையும் நன்றாக ஊறவைத்து அலசிச் சமைக்கச் சொன்னாள். உப்பில்லாச் சாப்பாடு தட்டில் வைத்தே வரும் வார்டில் இதைக் கற்க வழியே இல்லை. எனக்கு உள்ளபடியே பெருமையாக இருந்தது.

தெருமுனைச் சுகாதாரப் பேச்சு அந்த அளவுக்கு இல்லை. அட்டைப்படம் காட்டி ஒப்பிக்கிறார்கள். காலையில் நடக்கச் சொல்கிறார்கள். அது தண்ணீர் பிடிக்கும் நேரம். பத்துக்குப் பத்து அறைக்குள் ஐந்தாறு பேர் நுழைவதும் சரியில்லை. மாமியாரும் மாணவிகளும் சூழ்ந்திருக்க, மாதவிடாய்த் தொல்லையை மருமகள் எப்படி வாய்விட்டுச் சொல்வாள்? இரண்டு பேர் போதும்.

என் பெரிய ஆதங்கம் வேறு. எதிர் வீட்டுத் தம்பி காசநோய்க்கு மருந்து எடுக்கிறான். வழக்கமான சிகிச்சைக்கே ஆறு மாதம் ஆகும். மாணவிகள் இருப்பதோ சில வாரங்கள். நிக்‌ஷய் போஷண் என்ற அரசுத் திட்டத்தில் காசநோயாளிகளின் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் உண்டு. 2024 நவம்பருக்கு முன்பு அது 500. இதை எடுத்துச் சொல்லி, வங்கிக் கணக்கு விவரத்தைக் கொடுக்கவைத்தவள் ஒரு மாணவிதான். மாத்திரை போட்டதும் குமட்டுகிறது என்று அவன் சொன்னதையும் எழுதிக்கொண்டாள். அடுத்த பேட்ச் வந்தது. வீட்டில் எத்தனை பேர், ஜன்னல் உண்டா என்று மறுபடி முதலிலிருந்து கேள்விகள். முன்பு எழுதிய குடும்பக் கோப்பு மதிப்பெண் வாங்கிக்கொண்டு கல்லூரி அலமாரிக்குப் போய்விட்டது. இதில் மாணவிகளைக் குறை சொல்ல மாட்டேன். பொறுப்பு அனுப்புகிறவர்களுடையது.

வழி இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 திருத்தப் பாடத்திட்டத்தில் சமூக சுகாதார நர்சிங் பாடம் ஐந்தாம் பருவத்திலும் (செமஸ்டர்) ஏழாம் பருவத்திலும் வருகிறது. ஐந்தில் பார்த்த குடும்பங்களையே ஏழிலும் கொடுக்கட்டும். தான் சொன்ன யோசனை அந்த அடுக்களையில் நிலைத்ததா என்பதை அவளே வந்து பார்ப்பாள். இடைப்பட்ட பேட்சுக்குக் கோப்பு கைமாறட்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது: அவர்கள் வரும்போது மாத்திரை அட்டைகளையும் பழைய சீட்டுகளையும் எடுத்து வையுங்கள். ஒரு நோட்டு போட்டு, பார்த்த அளவுகளைத் தேதியோடு அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்து வருகிறவளிடம் முதலில் அதைக் காட்டுங்கள். தாராவியிலேயே இருக்கும் சயன் மருத்துவமனையின் நகர்ப்புற நல மையத்துக்குப் போனாலும் அந்த நோட்டு கையில் இருக்கட்டும்.