“100 ஜிபிடி மெம்ப்ரேன் போட்டாச்சு சார்”: ஆறு டிஸ்கஸ் மீன் போன கதை

வீட்டு ஆர்ஓ மெஷினை நம்பி மீன் வளர்ப்பவர்கள் இதைப் படித்ததும் ஒரு தரம் தண்ணீரை அளந்து பார்த்துவிடுங்கள். போன மாதம் என் எட்டு டிஸ்கஸில் ஆறு ஒரே ராத்திரியில் செத்துப்போயின.

இருப்பது மடிப்பாக்கம். போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1250. அமேசான் பக்கத்து மென்னீர் மீனுக்கு அது சரிப்படாது. அதனால் தொட்டிக்கென்றே தனியாக ஒரு ஆர்ஓ வைத்திருக்கிறேன், 75 ஜிபிடி மெம்ப்ரேன். மெம்ப்ரேன் என்பது உப்பை வடிகட்டும் சவ்வு, ஜிபிடி என்பது ஒரு நாளைக்கு அது எத்தனை கேலன் தரும் என்ற கணக்கு. கணக்குப்படி மணிக்கு 12 லிட்டர் வரவேண்டும். உப்புத் தண்ணீர், பழைய மெம்ப்ரேன் என்பதால் 8 லிட்டர்தான் வந்துகொண்டிருந்தது. ஒருமுறை தண்ணீர் மாற்ற 80 லிட்டர் வேண்டும். பத்து மணி நேரம் மெஷின் கத்திக்கொண்டே கிடக்கும். வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல்.

சரி, பெரிய மெம்ப்ரேனாக மாற்றிவிடலாம் என்று மெஷின் கம்பெனியின் சர்வீஸ் நம்பரை நெட்டில் தேடினேன். முதலில் வந்த நம்பருக்கே அடித்தேன். தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. அது கம்பெனி நம்பரே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வந்த பையன் ரொம்ப மரியாதை. பையிலிருந்து கம்பி வைத்த ஒரு கருவியை எடுத்து, ஒரு டம்ளரில் எங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் அவன் பாட்டில் தண்ணீர் ஊற்றி கரண்ட் கொடுத்தான். எங்கள் தண்ணீர் ஒரே நிமிடத்தில் துருப்பிடித்த சாக்கடை மாதிரி ஆகிவிட்டது. “இதான் சார் உங்க மீன் குடிக்குது.” என் மனைவி முகம் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியில் இருக்கும் இரும்பு கரைவது. உப்பு இருந்தால் கரண்ட் பாயும், கரண்ட் பாய்ந்தால் இரும்பு கரையும், அவ்வளவுதான். பிறகு டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு, இரண்டு ஆணியும் 9 வோல்ட் பேட்டரியும் வைத்து என் மகள் அதே சாக்கடையை வரவழைத்துக் காட்டினாள். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

முக்கால் மணி நேரம் வேலை. 100 ஜிபிடி மெம்ப்ரேன், புது கார்பன் ஃபில்டர், மண் தூசியைப் பிடிக்கும் புது செடிமென்ட் ஃபில்டர், டிடிஎஸ் செட்டிங் என்று கையால் எழுதிய பில், மொத்தம் 6,800 ரூபாய். அதில் ஜிஎஸ்டி நம்பரும் இல்லை, கடை முகவரியும் இல்லை. மெம்ப்ரேனிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, அந்தத் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை வைத்துக் காட்டினான். 68. “பழசு 70 காட்டிச்சேப்பா?” என்றேன். “புதுசு சார், செட் ஆக ஒரு வாரம் ஆகும், அப்புறம் முப்பதுக்கு வந்துடும்.” தலையாட்டினேன். என் மீட்டரின் பேட்டரி தீர்ந்து மூன்று மாதம். நாளை வாங்கலாம், நாளை வாங்கலாம் என்றே விட்டிருந்தேன்.

மெஷின் வேகமாகத்தான் ஓடியது. மணிக்கு 12 லிட்டர். கொடுத்த காசு வீண் போகவில்லை என்று நானே நாலு பேரிடம் சொன்னேன்.

பத்து நாள் கழித்து, இந்தக் கோடையின் முதல் லாரித் தண்ணீர் வந்து நேராக மேல்தொட்டிக்கு ஏறியது. அன்று மாலை டிரம்மில் பிடித்த 80 லிட்டரை மீன் தொட்டியில் விட்டேன். ஒரு மணி நேரத்தில் மீன்களெல்லாம் கறுத்து, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் அடித்த அடியைப் பார்க்க முடியவில்லை. ஆர்ஓ தண்ணீர்தானே என்று நான் குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் போடும் பழக்கத்தையே விட்டு இரண்டு வருடம். வீட்டில் ஒரு சொட்டு இல்லை. கொளத்தூரில் மீன் பண்ணை வைத்திருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். “தம்பி, பேசிட்டு நிக்காத, ஏர் பம்பு இருக்கிறதெல்லாம் போடு, ஆன்டி குளோரின் எங்க கிடைக்குதோ வாங்கி ஊத்து” என்றார். அதை வாங்கி வந்து ஊற்றும்போது மணி பத்தரை. விடியும்போது இரண்டுதான் உயிரோடு இருந்தன.

மறுநாள் குளோரின் இருந்தால் மஞ்சளாகும் ஓடிஓ சொட்டு மருந்து வாங்கி, டிரம் தண்ணீரில் விட்டேன். நல்ல மஞ்சள். லாரித் தண்ணீரோடு வந்த குளோரின். குளோரினைப் பிடிக்க வேண்டியது கார்பன். மெம்ப்ரேன் அதைத் தடுக்காது, குளோரின் பட்டால் மெம்ப்ரேனே வீணாகும். கார்பன் ஃபில்டரைக் கழற்றிப் பளபளவென்று இருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். கீழே மார்க்கரில் ஒரு தேதி, இரண்டு வருடத்துக்கு முந்தையது. என் கையெழுத்து.

மீட்டருக்குப் பேட்டரி போட்டு, லாரித் தண்ணீர் தீர்ந்து போர் தண்ணீர் வந்ததும் அளந்தேன். மெஷினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அளக்க வேண்டும், நின்றிருந்த மெஷினில் முதலில் வரும் தண்ணீர் கூடுதலாகத்தான் காட்டும். மெம்ப்ரேன் குழாயில் 70. கடைசிக் குழாயில் 460! நடுவில் இருப்பது டிடிஎஸ் கன்ட்ரோலர் என்ற ஒரு சின்னத் திருகு. குடிதண்ணீர் ரொம்பச் சப்பென்று இருந்தால், மெம்ப்ரேனுக்குப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிட வைத்தது. அதை முழுக்கத் திறந்து வைத்திருக்கிறான்.

பேப்பரில் போட்டுப் பார்த்தேன். பழைய மெம்ப்ரேனின் 8 லிட்டர் 70-இல், கலந்துவிட்ட 4 லிட்டர் 1250-இல். சேர்ந்தால் 12 லிட்டர், டிடிஎஸ் 463. மீட்டர் சொன்னதும் ஏறக்குறைய அதேதான். ஆக மெம்ப்ரேன் மாறவேயில்லை. நான் மெச்சிக்கொண்ட வேகம் முழுவதும் அந்தத் திருகின் புண்ணியம். மெம்ப்ரேன் இருக்கும் ஹவுசிங்கைத் திறந்தேன். உள்ளே சேறு படிந்த அதே 75. கழிவுத் தண்ணீரின் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரும் பழையதே. நிஜமாகவே 100 போட்டிருந்தால் அதையும் சேர்த்து மாற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெம்ப்ரேனில் சீக்கிரம் உப்புப் படியும். பில்லில் இருந்ததில் அவன் உண்மையாகச் செய்த வேலை ‘டிடிஎஸ் செட்டிங்’ ஒன்றுதான்.

போன் செய்தேன். “மீன் செத்ததுக்கு நான் என்ன சார் பண்றது, தொட்டியை க்ளீனா வெச்சுக்கங்க.” அதற்குப் பிறகு எடுக்கவில்லை. மெஷினின் அடியில் ஒட்டியிருந்த நம்பரில் பேசியபோது, எங்கள் ஏரியாவுக்கு அந்தத் தேதியில் ஆளே அனுப்பவில்லை என்றார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொன்னேன். கடை முகவரி கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரு போன் நம்பரும் பணம் அனுப்பிய ரசீதும்தான்.

இப்போது பாகங்களை நானே வாங்கி மாட்டிவிட்டேன். கன்ட்ரோலரைக் கழற்றி எறிந்து குழாயை நேராக இணைத்தாயிற்று. கடைசிக் குழாயில் 40, மணிக்கு 11 லிட்டர். ஆன்டி குளோரின் பாட்டில் தொட்டி மேலேயே நிற்கிறது. மெஷின் கம்பெனி எதுவாக இருந்தாலும், நெட்டில் கிடைக்கும் நம்பரை மெஷினில் ஒட்டியிருக்கும் நம்பரோடு ஒப்பிட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். ஆள் வந்தால் பழைய மெம்ப்ரேனையும் கார்பனையும் உங்கள் கையில் கேட்டு வாங்குங்கள். பையில் போட்டுக்கொண்டு போகவிடாதீர்கள். அளப்பது கடைசிக் குழாயில், உங்கள் மீட்டரில்.

நேற்று அந்த நம்பரை மறுபடி தேடிப் பார்த்தேன். வேறு இரண்டு கம்பெனிகளின் பெயரிலும் அதே நம்பர்தான் சர்வீஸ் சென்டர் என்று கிடக்கிறது.