தரையில் அம்புக்குறியா, வாசலில் தலைக்கணக்கா?

2020 ஏப்ரலில் அமெரிக்க வால்மார்ட் கடைகளுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று, வாசலில் எண்ணி உள்ளே விடுவது: 1,000 சதுர அடிக்கு 5 பேருக்கு மேல் கூடாது. மற்றது, ரேக்குகளுக்கு நடுவே தரையில் அம்புக்குறி ஒட்டி ஒருவழிப் பாதையாக்குவது. கொரோனாவிடமிருந்து காப்பதில் எது மேல் என்றால், வாசல் கணக்கைத்தான் சொல்வேன்.

அம்புக்குறியின் நியாயம் புரிகிறது. எதிரெதிரே வருகிறவர்கள் முகத்துக்கு முகம் உரசிப் போக வேண்டாம். ஆனால் அந்த உரசல் இரண்டு மூன்று வினாடிதான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த ஆண்டில் நெருங்கிய தொடர்புக்கு வைத்த அளவோ 6 அடிக்குள் 15 நிமிடம்.

ஒருவழியில் நடப்பதைப் பாருங்கள். முன்னால் ஒருவர் டிராலியை நிறுத்திவிட்டு பாஸ்தா பாக்கெட்டின் பின்பக்கத்தை வரி விடாமல் படிக்கிறார். பின்னால் வருபவர் திரும்ப முடியாது. அவர் முதுகுக்குப் பின்னாலேயே காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் இடித்துக்கொண்டு முந்த வேண்டும். சாஸ் எடுக்க மறந்தவருக்குப் பத்தடி பின்னால் போக வழியில்லை. அடுத்த வரிசை வழியாக முழுச் சுற்று சுற்றி வர வேண்டும். கடைக்குள் இருக்கும் நேரம் கூடுகிறது. எது குறைய வேண்டுமோ அதுவே கூடுகிறது. மூச்சோடு வெளிவரும் நுண்துளிகள் மூடிய கட்டடத்தில் காற்றோடு பரவும். அவற்றுக்கு அம்புக்குறி தடையே இல்லை. இரண்டு டிராலி ஒதுங்க இடமில்லாத சின்னக் கடையில் மட்டும் அது உதவும் என்பேன்.

1,000 சதுர அடிக்கு 5 பேர் என்றால் ஆளுக்கு 200 சதுர அடி, அதாவது 10க்கு 20 அறை ஒன்றில் ஒரே ஆள். ரேக்குகள் அடைக்கும் இடத்தைக் கழித்தாலும் நெரிசல் இல்லை. ஆள் குறைந்தால் எதிர்ப்படுவதும் குறையும், உள்ளே சேரும் மூச்சும் குறையும். எனக்கு இதைவிடப் பெரிய காரணம் பில் போடுகிறவர்கள். நாம் அரை மணியில் கிளம்பிவிடுவோம். அவர்கள் ஷிப்ட் முழுக்க அதே காற்றில் நிற்கிறார்கள். அம்புக்குறியால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை.

அந்த ஆண்டு முடிவதற்குள் வால்மார்ட்டே ஒருவழியைக் கைவிட்டது. நவம்பரில் தொற்று மறுபடி ஏறியபோது, வாசலில் எண்ணுவதைத்தான் திரும்பக் கொண்டுவந்தது.

எண்ணி விடுவதிலும் குறை உண்டு. வரிசை வெளியே நீளும், வயதானவர்களுக்குக் கால் கடுக்கும். திறந்தவெளி என்பதால் தொற்று பயம் குறைவு, அவ்வளவுதான். 2020 மார்ச் கடைசியிலிருந்து சில வாரங்கள், செவ்வாய்க்கிழமைதோறும் 60 வயது தாண்டியவர்களுக்காகக் கடையை ஒரு மணி நேரம் முன்னதாகவே திறந்தார்கள். எண்ணி விட்ட காலம் முழுக்க அந்த ஏற்பாடும் கூடவே இருந்திருக்க வேண்டும்.