துள்ளுற பந்தா, செத்த பந்தா? பிள்ளைகளின் ஃபர்ஸ்ட் டச்சுக்கு எதை வாங்கலாம்

போன வருஷம் ஜூனில், பள்ளிக்கூடம் திறந்த வாரம், பெற்றோர் சேர்ந்து கொடுத்த 6,000 ரூபாயை எடுத்துக்கொண்டு பந்து வாங்கப் போனேன். வடசென்னையில் ஒரு மைதானத்தில் வாரம் மூன்று சாயங்காலம் 22 பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். வயது 9 முதல் 13 வரை. கையில் இருந்த பந்துகள் எல்லாம் தோல் உரிந்து, முட்டை மாதிரி கோணிப்போயிருந்தன.

பிள்ளைகளின் ஃபர்ஸ்ட் டச், அதாவது வருகிற பந்தை முதல் தொடுதலில் வாங்குவது, சரியாக வர மூன்று வழி இருந்தது. வழக்கம்போல ஐந்தாம் நம்பர் பந்து, பெரியவர்கள் ஆடுகிற அளவு. இல்லையென்றால் அதைவிடச் சிறிய, அதிகம் துள்ளாத ஃபுட்சால் பந்து (ஃபுட்சால் என்பது சின்னக் களத்தில் ஐந்து ஐந்து பேராக ஆடுகிற கால்பந்து). அதுவும் இல்லையென்றால் டென்னிஸ் பந்து ஒரு டஜன், அடித்துப் பழக ஒரு சுவர், மிச்சப் பணத்துக்குப் பயிற்சியில் தரையில் வைக்கிற கோன்கள். நான் ஆறு ஃபுட்சால் பந்து வாங்கினேன். ஒரு வருஷம் ஓடிவிட்டது. பிள்ளைக்குப் பந்து வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பதால், பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஓரளவு நல்ல ஃபுட்சால் பந்தும் ஓரளவு நல்ல ஐந்தாம் நம்பர் பந்தும் எனக்கு ஏறக்குறைய ஒரே விலைக்குத்தான் கிடைத்தன. அளவில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். ஐந்தாம் நம்பரின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். ஃபுட்சால் பந்தின் சுற்றளவு 62 முதல் 64 செ.மீ.தான், எடை மட்டும் 400 முதல் 440 கிராம். அதாவது நாலாம் நம்பர் உடம்பில் ஐந்தாம் நம்பரின் கனம். எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையிடம் இதைக் கொடுக்காதீர்கள், கால் வலிக்கும். அவர்களுக்குச் சின்ன அளவிலேயே ஃபுட்சால் பந்து வருகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது பந்தின் துள்ளல். வாங்கிவந்த அன்றே பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தோம். காம்பவுண்டுச் சுவரில் சாக்பீஸால் 2 மீட்டரில் ஒரு கோடு போட்டேன். ஒரு பையன் ஸ்டூல் மேல் ஏறி நின்று அந்த உயரத்திலிருந்து பந்தைக் கைவிட்டான். கீழே சிமென்ட் தரை. பழைய பந்துகளில் காற்று நிற்கிற ஐந்தாம் நம்பர் ஒன்று என் நெஞ்சு வரை எழும்பியது. ஃபுட்சால் பந்து முட்டிக்குக் கொஞ்சம் மேலே வந்துவிட்டு அப்படியே அடங்கியது. ஃபுட்சால் விதியே இதுதான்: 2 மீட்டரிலிருந்து போட்டால் முதல் துள்ளல் 50 செ.மீ.க்குக் குறையவும் கூடாது, 65 செ.மீ.யைத் தாண்டவும் கூடாது.

பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. "அண்ணா, இது செத்த பந்துண்ணா. காத்து இல்ல, கடையில மாத்தி வாங்கிட்டு வாங்கண்ணா" என்று ஒரே சத்தம்.

இந்தத் துள்ளல் ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்ல, எங்கள் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். புல் கிடையாது. கோடையில் செம்மண் காய்ந்து சிமென்ட் மாதிரி இறுகிவிடும், மேலே பொடிக்கல் கிடக்கும். தமிழ்நாட்டில் நிறையப் பிள்ளைகள் இப்படிப்பட்ட கட்டாந்தரையில்தான் ஆடுகிறார்கள். அதில் ஐந்தாம் நம்பர் பந்தைத் தரையோடு பாஸ் கொடுத்தாலும், ஒரு கல்லில் பட்டு முட்டி உயரத்துக்கு எகிறும். வாங்குகிற பிள்ளை என்ன செய்யும்? கண்ணைப் பந்திலேயே ஒட்டவைத்துக்கொண்டு, உடம்பை விறைத்துக்கொண்டு, எப்படியாவது நிறுத்தப் பார்க்கும். முதல் டச்சில் பந்து எகிறும், இரண்டாவதில் தரைக்கு வரும், மூன்றாவதில்தான் கட்டுப்பாட்டுக்கு வரும். அதற்குள் எதிராளி வந்து நின்றிருப்பான்.

ஃபர்ஸ்ட் டச் என்பது பந்தை நிறுத்துவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அடுத்து எங்கே போகப் போகிறோமோ அந்தப் பக்கம் பந்தை வைப்பதுதான் ஃபர்ஸ்ட் டச். அதற்குப் பந்து வரும் முன்பே தலையைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். துள்ளலை அடக்குவதிலேயே முழுக் கவனமும் போகிற பிள்ளைக்குத் தலை தூக்க நேரம் எங்கே இருக்கிறது?

என்னிடம் பதினோரு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். நல்ல ஓட்டம், நல்ல தைரியம். ஆனால் பந்து காலில் பட்டால் மூன்றடி தள்ளிப் போகும். கணுக்காலைப் பூட்டிக்கொண்டு நிற்பாள். பந்து எங்கே எகிறுமோ என்ற பயம். "காலை இளக விடும்மா, பந்து வரும்போது பாதத்தைக் கொஞ்சம் பின்னால இழு" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். ஃபுட்சால் பந்து வந்து மூன்றாவது வாரம், ஒரு பாஸை உள்ளங்காலால் மெதுவாக அமுக்கினாள். பந்து அங்கேயே நின்றது. அவளுக்கே நம்ப முடியவில்லை. அடுத்த பாஸில் அதே உள்ளங்காலால் பந்தைப் பின்னால் உருட்டித் திரும்பினாள். திரும்பும்போது தலை மேலே இருந்தது. நான் அதற்குப் புதிதாக எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. பந்து தரையோடு கிடந்ததால் அவளுடைய கண் விடுதலையானது, அவ்வளவுதான்.

எனக்கு ஆட்டம் சொல்லித்தந்த பெரியவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "லேசான பந்துல பழகினா கால் சோம்பேறி ஆயிடும்டா, கஷ்டமான பந்துல பழகினவனுக்கு எல்லாப் பந்தும் அடங்கும்" என்றார். அவர் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது, அவர் காலில் பந்து பசை மாதிரி ஒட்டும். ஆனால் அவர் காலத்தில் பிள்ளைகள் காலையும் மாலையும் பொழுது சாயும்வரை ஆடினார்கள். என்னிடம் வருகிறவர்களுக்குக் கிடைப்பது டியூஷனுக்கு நடுவே ஒன்றேகால் மணி நேரம். அதில் பாதி, எகிறிப்போன பந்தைப் பொறுக்கிவர ஓடுவதில் கழிந்தால், காலில் பந்து படுகிற நேரம் எவ்வளவு மிஞ்சும்?

இந்தப் பந்து பிறந்த கதையும் இடநெருக்கடியின் கதைதான். 1930இல் உருகுவேயின் மான்டிவிடியோ நகரில், ஒய்.எம்.சி.ஏ.வில் பணியாற்றிய ஹுவான் கார்லோஸ் செரியானி, கூடைப்பந்துக் களத்துக்குள் ஆடும்படி ஐவர் கால்பந்தை வகுத்தார். இன்றும் ஃபுட்சால் களம் ஏறத்தாழ 40க்கு 20 மீட்டர்தான். அந்தச் சின்ன இடத்தில் பந்து துள்ளிப்போனால் ஆட்டமே நடக்காது. ரொனால்டினோவும் நெய்மாரும் சிறுவயதில் ஃபுட்சால் ஆடி வளர்ந்தவர்கள். அவர்கள் தெருவிலும் கடற்கரையிலும் ஆடியவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பந்து ஒன்றே அவர்களை ஆக்கிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை.

இனி ஃபுட்சால் பந்து கைவிடுகிற இடம். டிசம்பரில் ஒரு சிறுவர் போட்டிக்குப் போனோம். தரையில் வந்த பந்துகளை எங்கள் பிள்ளைகள் அழகாக வாங்கினார்கள். எதிரணி கோல்கீப்பர் உயரமாக அடித்த கோல் கிக் இறங்கியபோது ஒருவருக்கும் கால் ஓடவில்லை. நெஞ்சில் வாங்குவதா, தொடையில் வாங்குவதா, கீழே விழ விடுவதா என்று தெரியாமல் நின்றார்கள். இரண்டு கோல் அப்படியே போனது. ஆறு மாதம் தலைக்கு மேலே பந்தே பார்க்காதவர்களுக்கு வேறென்ன நடக்கும்? தவறு என்னுடையது.

1998 உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக நெதர்லாந்து வீரர் டென்னிஸ் பெர்காம்ப் போட்ட கோலைப் பார்த்திருப்பீர்கள். கடைசி நிமிஷம், அவர் அணியின் ஃபிராங்க் டி போயர் பாதி மைதானம் தாண்டி அனுப்பிய பந்து. அதை ஓட்டத்திலேயே எகிறி வலதுகால் நுனியால் வானத்திலிருந்து பறித்து வைப்பது முதல் டச். தடுக்க வந்த அர்ஜென்டினாவின் அயாலாவின் கால்களுக்கு இடையே தள்ளுவது இரண்டாவது. மூன்றாவது டச்சில் கோல். அந்த முதல் டச்சை எந்த ஃபுட்சால் பந்தும் கற்றுத்தராது. அதற்கு எகிறுகிற, இறங்குகிற, காற்றில் மிதக்கிற பந்துதான் வேண்டும்.

ஜனவரியிலிருந்து முறையை மாற்றினேன். வாரத்தில் இரண்டு நாள் ஃபுட்சால் பந்து, சனிக்கிழமை ஐந்தாம் நம்பர். சனிக்கிழமை கையால் உயரமாகப் போட்டு, நெஞ்சு, தொடை, புறங்கால் என்று வாங்கிப் பழகுகிறார்கள். தரையில் மெல்ல இழுத்துக்கொள்ளக் கற்ற கால், காற்றிலும் சீக்கிரம் இளகுவதைப் பார்க்கிறேன். பதின்மூன்று வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது. இந்த ஒரு வருஷத்தில் அந்த வயதுக்கு வந்தவர்கள் என்னிடம் மூன்று பேர்தான், அடித்துச் சொல்ல அது போதாது.

டென்னிஸ் பந்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விலை குறைவு, கண்ணும் காலும் சேர்ந்து வேலை செய்யப் பழகும். பிராட்மேன் சிறுவனாக இருந்தபோது ஸ்டம்பை வைத்துக் கோல்ஃப் பந்தைத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் அடித்துப் பழகிய கதை நம்மூரில் எல்லோருக்கும் தெரியும், அதே யோசனைதான். ஆனால் பாதத்தின் எந்த இடத்தில் பந்தை வாங்குகிறோம் என்ற உணர்வு அதில் வராது. 60 கிராம்கூட இல்லாத பந்து எங்கே பட்டாலும் ஒன்றுதான். வார்ம்-அப்பில் பத்து நிமிஷம், வலது காலால் சுவரில் அடித்து இடது காலால் வாங்குவது. அதற்குமேல் நான் பயன்படுத்துவதில்லை.

ஃபுட்சால் பந்தைப் பராமரிப்பதில் இரண்டு விஷயம். ஒன்று காற்று. பம்பு அளவைப் பார்க்காமல் கல் மாதிரி அடித்துவிட்டால், வாங்கியதன் பலனே போய்விடும். எங்கள் பையன்கள் பந்துக்கு உயிர் கொடுக்கிறேன் என்று சைக்கிள் கடையில் கொடுத்து அடித்து வந்துவிட்டார்கள்; அன்று முழுக்கச் சாதாரணப் பந்து மாதிரிதான் துள்ளியது. 0.6 முதல் 0.9 அட்மாஸ்ஃபியர் வரைதான் விதி, நான் அடிமட்டத்தில் வைத்துக்கொள்கிறேன். ஊசியை ஈரப்படுத்தாமல் குத்தாதீர்கள், வால்வு கிழியும். இரண்டாவது மேல்தோல். உள்ளரங்க மரத்தரைக்கென்று செய்த பந்துகளின் தோல் மென்மையாக இருக்கும். அப்படிப்பட்ட இரண்டு பந்து எங்கள் பொடிக்கல்லில் நாலே மாதத்தில் உரிந்துவிட்டன. தோல் முரடாக இருந்த நாலும் இன்னும் ஓடுகின்றன.

உங்கள் பிள்ளை செயற்கைப் புல் தரையிலோ நல்ல புல்லிலோ ஆடுகிறது என்றால், நான் சொன்ன காரணம் பாதி வலுவிழந்துவிடும். அங்கே தரையே துள்ளலைக் கொஞ்சம் தின்றுவிடும். வயதுக்கேற்ற நாலாம் நம்பரோ ஐந்தாம் நம்பரோ போதும். கட்டாந்தரை என்றால் ஃபுட்சால் பந்துதான் என் பதில்.

இந்த ஜூனில் மறுபடியும் கடைக்குப் போகிறேன். நாலு ஃபுட்சால் பந்து, இரண்டு ஐந்தாம் நம்பர். வாங்கும்போது கடைக்காரரைச் சரியான அளவுக்குக் காற்று அடிக்கச் சொல்லி, கையைத் தலைக்கு மேலே தூக்கி 2 மீட்டர் உயரத்திலிருந்து பந்தைக் கடை வாசல் சிமென்டில் போட்டுப் பாருங்கள். முட்டிக்கும் பாதித் தொடைக்கும் நடுவில் நின்றால் எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பு வரை வந்தால், மேலே ஃபுட்சால் என்று எவ்வளவு பெரிதாக அச்சடித்திருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.